கால் நீட்ட ஓர் இடம்

வானூர்திப் பயணச்சீட்டு வாங்கச் செல்வோரிடம் முகவர் கேட்கும் முதல் வினா, "எந்த ஊருக்கு?" என்பது. இரண்டாம் வினா, "எந்த வகுப்பு?" என்பது. முதல் வினாவிற்கு விடை உடனே வந்துவிடுகிறது. இரண்டாம் வினாவிற்கு விடையளிக்கும்போதுதான் மனிதர்கள் வேறுபடுகின்றனர். பெரும்பாலோர் தம் பணப்பையைப் பார்த்து விடை கூறுகின்றனர். சிலர் தம்மைக் காணும் பிறர் கண்களை எண்ணி விடை கூறுகின்றனர். பயணம் செய்யப்போகும் உடலைப் பார்த்து விடை கூறுவோர் மிகச் சிலரே. முகவரை நாடாமல் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் சீட்டு வாங்கும் இக்காலத்திலும் இந்நிலை மாறவில்லை. திரையில் வகுப்புகளும் விலைகளும் வரிசையாகத் தோன்றுகின்றன. உடலைப் பற்றிய வினா அங்கே தோன்றுவதில்லை.

கோலாலம்பூரிலிருந்து பினாங்கிற்கோ சிங்கப்பூருக்கோ ஒரு மணி நேரம் பறப்போர்க்கு இது பெரிய வினாவன்று. எங்கே அமர்ந்தாலும் இருக்கை சூடேறுமுன் ஊர் வந்துவிடும். இலண்டனுக்குச் செல்வோர் ஏறத்தாழ 14 மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். ஓர் இரவு முழுதும், அதற்கு மேலும் சில மணி நேரமும் ஒரு நாற்காலியே வீடாகிறது. உண்பதும் உறங்குவதும் அங்கேதான். அத்தகைய நாற்காலியைத் தேர்ந்தெடுப்பது ஆடம்பரத்தைப் பற்றிய பேச்சன்று. நலத்தைப் பற்றிய பேச்சு.

பயணத்தில் வகுப்பு வேறுபாடு என்பது இந்நாட்டுத் தமிழர்க்குப் புதியதன்று. வானூர்தி வருமுன்பே அவர்கள் அதனைக் கடலில் கண்டவர்கள். 1926ஆம் ஆண்டு கட்டப்பெற்ற 'ரஜுலா' என்னும் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தது. தொடக்கக் காலத்தில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு இடமிருந்தது. அறைகளோ மிகச் சிலருக்கே. அறையில் வந்தவருக்குக் கட்டிலும் கதவும் உண்டு. தளத்தில் வந்தவருக்குப் பாய் விரிக்கும் அளவு இரும்புத் தரையே உரிமை. தகரப் பெட்டியே தலைமாடு. துணி மூட்டையே திண்டு. ஏறத்தாழ ஒரு வார காலம் அப்படியே கழியும். 1970களின் தொடக்கத்தில் 'ரஜுலா'வின் காலம் முடிந்தது. பின்னர் வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985ஆம் ஆண்டு தீப்பற்றியதோடு தன் பயணங்களை முடித்துக்கொண்டது. அதன்பின் கடல் தாண்டிச் செல்வோர்க்கு வானமே வழியாயிற்று. தளமும் அறையும் மறைந்தன. அவற்றின் இடத்தில் வானூர்தியின் முன்பகுதியும் பின்பகுதியும் தோன்றின.

வானூர்தியில் இவ்வகுப்புகள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. தொடக்கத்தில் பறந்தவர்கள் செல்வர்களே. 1952ஆம் ஆண்டு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் வழியில் 'டூரிஸ்ட் வகுப்பு' என்னும் மலிவான வகுப்பு புகுத்தப்பட்டது. 1958இல் 'எகானமி' எனப்படும் சிக்கன வகுப்பு வந்தது. நடுத்தர மக்கள் வானேற வழி திறந்தது இவ்வாறுதான். 1970களின் பிற்பகுதியில் முழுக் கட்டணம் செலுத்திய வணிகர்கள், சலுகைக் கட்டணத்தில் வந்த சுற்றுலாப் பயணிகளிடையே நெருங்கி அமர விரும்பாமையால், அவர்களுக்கென வணிக வகுப்பு பிறந்தது. 1992இல் சிக்கனத்திற்கும் வணிகத்திற்கும் இடைப்பட்ட 'பிரீமியம் எகானமி' என்னும் இடைநிலை வகுப்பைச் சில நிறுவனங்கள் தொடங்கின. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம் வணிக வகுப்பிலேயே கட்டில்போல் முழுதும் தட்டையாகும் இருக்கையை அமைத்தது. 2017இல் கத்தார் ஏர்வேஸ் நிறுவனம் அத்தகைய இருக்கைக்குக் கதவும் வைத்தது. ஒரு காலத்தில் கப்பல் அறைக்கு மட்டும் உரியனவாக இருந்த கட்டிலும் கதவும் இவ்வாறு வானத்திற்கு ஏறின.

இவ்வகுப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை அங்குலத்தால் அளந்து கூறலாம். ஓர் இருக்கைக்கும் அதற்கு முன்னுள்ள இருக்கைக்கும் இடையே உள்ள தொலைவு சிக்கன வகுப்பில் பெரும்பாலும் 31 அல்லது 32 அங்குலம். இடைநிலை வகுப்பில் அது 38 அங்குலத்தை ஒட்டியிருக்கும். வணிக வகுப்பில் இன்று நெடுந்தொலைவு விமானங்கள் பலவற்றில் ஆறடிக்கு மேல் நீளும் படுக்கை கிடைக்கிறது. கட்டணமும் அவ்வாறே நீள்கிறது. இடைநிலை வகுப்பு சிக்கன வகுப்பைப்போல் ஒன்றரை அல்லது இரண்டு மடங்காகவும், வணிக வகுப்பு மூன்று, நான்கு, சில வேளைகளில் ஐந்து மடங்காகவும் இருப்பது வழக்கம். அங்குலத்திற்கு இத்தனை வெள்ளி என்று கணக்கிட்டால், உலகிலேயே விலைமிக்க நிலம் வானூர்தியின் தரைதான் எனத் தோன்றும்.

வகுப்பின் பெயர் ஒன்றாயிருப்பினும் வானூர்திக்கு வானூர்தி வசதி மாறும் என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. போயிங் 777 வகையில் பல நிறுவனங்கள் சிக்கன வகுப்பில் ஒரு வரிசைக்குப் பத்துப் பேரை அமர்த்துகின்றன. இருக்கையின் அகலம் ஏறத்தாழ 17 அங்குலமே. ஏர்பஸ் ஏ350 வகையில் பொதுவாக ஒரு வரிசைக்கு ஒன்பது பேர். அகலம் ஏறத்தாழ 18 அங்குலம். ஓர் அங்குலந்தானே என்று தோன்றலாம். பக்கத்தில் இருப்பவரின் தோள் இரவு முழுதும் தம் தோளில் இடிப்பதையும் இடிக்காதிருப்பதையும் அந்த ஓர் அங்குலமே முடிவு செய்கிறது. காற்றும் அவ்வாறே. பழைய வகை விமானங்களில் உள்ளிருக்கும் காற்று 8,000 அடி உயர மலையுச்சிக் காற்றின் அளவிற்கு மெலிந்திருக்கக்கூடும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் அது 6,000 அடி அளவிலேயே வைக்கப்படுகிறது. களைப்பும் தலைவலியும் குறைய இதுவும் ஒரு காரணம். இந்த நன்மைக்குத் தனிக் கட்டணம் இல்லை. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே காற்றுதான்.

வானூர்தி நிறுவனங்களே நீண்ட பயணத்தின் கடுமையை அறிந்திருக்கின்றன என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2018ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் நகரையடுத்த நெவார்க்கிற்கு, இடையில் எங்கும் நில்லாத பயணத்தை மீண்டும் தொடங்கியது. 15,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. பதினெட்டு மணி நேரத்திற்கும் மேற்பட்ட பறப்பு. அதற்கென அமைந்த ஏ350 விமானத்தில் 161 இருக்கைகளே உள்ளன. அவற்றுள் 67 வணிக வகுப்பு. 94 இடைநிலை வகுப்பு. சிக்கன வகுப்பு ஒன்றுகூட இல்லை. எடையும் எரிபொருளும் வணிகக் கணக்கும் இதற்குக் காரணங்களாகும். ஆயினும், அத்தனை நேரம் நெருக்கமான இருக்கையில் ஒருவரை அமர்த்தி வைப்பது எளிதன்று என்னும் உண்மையும் இதனுள் அடங்கியிருக்கிறது.

அமர்ந்தே இருப்பதால் விளையும் கேடு யாது? கால்களிலிருந்து இரத்தம் மேலேற, நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கி விரிந்து உதவுகிறது. நெடுநேரம் அசையாதிருந்தால் அவ்வுதவி நின்றுவிடுகிறது. பாதம் வீங்குகிறது. இது பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். சிலருக்கு மட்டும் காலின் ஆழ்ந்த இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. அக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே தீங்கு நேரும். உலகச் சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கை, நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்து பயணம் செய்வோர்க்கு இவ்வாபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது எனக் கூறியது. ஆறாயிரம் பேரில் ஒருவர் என்னும் அளவே ஆகையால் அனைவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் மிக உயரமானோர்க்கும், 160 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரமுடையோர்க்கும், உடல் பருத்தோர்க்கும், கருத்தடை மாத்திரை உண்போர்க்கும் ஆபத்து கூடுதல் என்று அவ்வறிக்கை எச்சரித்தது. குள்ளமானோர்க்கு ஏன்? கால் தரையில் ஊன்றாமல் தொங்கும்போது இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்துகிறது. தமிழ்ப் பெண்களுள் எத்தனையோ பேர் 160 சென்டிமீட்டரை எட்டாதவர்கள் என்பதை எண்ணினால், இச்செய்தி வேறெங்கோ உள்ளவர்களைப் பற்றியது எனத் தள்ளிவிட இயலாது.

இந்நோயைச் 'சிக்கன வகுப்பு நோய்' என்று செய்தித்தாள்கள் பெயரிட்டன. அப்பெயர் பொருத்தமற்றது. பேருந்தில் அமர்ந்தாலும், தொடர்வண்டியில் அமர்ந்தாலும், விலையுயர்ந்த வகுப்பில் அமர்ந்தாலும் அசையாதிருப்பவர் எவரையும் அது நாடும். பேராக் மாநிலத்தின் தோட்டமொன்றில் வாழ்ந்த ஒரு மூதாட்டியின் பயணம் இதனை நன்கு விளக்கும்.

அம்மூதாட்டி 1951ஆம் ஆண்டு, தம் ஆறாம் வயதில், தாயின் கைப்பிடித்து 'ரஜுலா'வின் தளத்தில் இந்நாட்டிற்கு வந்தவர். நாற்பதாண்டு காலம் விடியலில் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டி, மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மூத்த மகன் தலைநகரில் ஓர் நிறுவனத்தில் மேலாளர். நடு மகள் கிள்ளானில் வாடகை வீட்டில் வாழும் தையற்காரி. கடைக்குட்டி மகள் இலண்டனில் தாதி. 2019ஆம் ஆண்டு அம்மகள் அங்கே ஒரு வீடு வாங்கினார். புதுமனை புகும் நாளில் தாய் வந்து விளக்கேற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. அப்போது மூதாட்டிக்கு வயது 74. உயரம் ஐந்தடிக்கும் குறைவு. காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது.

எந்த வகுப்பில் அனுப்புவது என்னும் பேச்சு எழுந்தது. மூத்த மகன் கணக்குப் பார்ப்பவர்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும். நாலு மடங்கு காசு குடுத்து அம்மா என்ன செய்யப் போறாங்க? ஏறி உட்கார்ந்தா தூங்கிடுவாங்க" என்றார் அவர்.

தொலைபேசியில் இருந்த தங்கை விடவில்லை.

"அண்ணே, நீங்க ஒரு மணி நேரத்துல சிங்கப்பூர் போறதுக்கே கம்பெனி காசுல முன்னால உட்கார்றீங்க. அம்மா பதினாலு மணி நேரம் உட்காரணும். அவங்க காலை என்னைக்காச்சும் பார்த்திருக்கீங்களா?"

அண்ணனிடமிருந்து மறுமொழி வரவில்லை. கிள்ளானில் இருந்த அக்காள்தான், "என் கூட்டுப் பணம் இந்த மாசம் வருது. அதைப் போட்டுக்கலாம். அம்மா படுத்துக்கிட்டே போகட்டும்" என்றார். மகளின் வாடகைக்கும் பேரனின் பள்ளிச் செலவிற்கும் என்று சேர்ந்த பணம் அது. மூதாட்டிக்கு அது தெரியும்.

"எனக்காக யாரும் அடிச்சுக்க வேணாம். கப்பல் தட்டுல படுத்து வந்தவ நான். எங்க உட்கார வெச்சாலும் உட்கார்ந்துக்குவேன்" என்றார் அவர். அச்சொல்லை எவரும் ஏற்கவில்லை. மூவரும் பணம் சேர்த்தனர். போகும்போது இரவுப் பயணமாதலால் வணிக வகுப்பு. திரும்பும்போது சிக்கன வகுப்பு என முடிவாயிற்று.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வந்தது. பிள்ளைகள் கையசைத்தனர். தாய் படுத்துறங்கிச் செல்வார் என்னும் மனநிறைவோடு வீடு திரும்பினர்.

இலண்டனில் மகள் கண்டது வேறு. தாயின் இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன; இடக்காலின் கெண்டை மேலும் தடித்திருந்தது. செருப்பு ஏறவில்லை.

"படுத்துத் தூங்கலையாம்மா?"

"எங்கேம்மா படுக்கிறது? அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை, இந்தப் பக்கம் ஒரு ஆம்பளை. அவங்க முன்னால காலை நீட்டிப் படுக்க முடியுமா? அந்தப் பொண்ணு ரெண்டு தடவை வந்து மலாய்ல கேட்டுச்சு. வேணாம்னு சொல்லிட்டேன்."

"தண்ணியாச்சும் குடிச்சீங்களா?"

"குடிச்சா கழிவறைக்குப் போகணும். அந்தக் கதவு எப்படித் திறக்குதுன்னு தெரியல. யாரையும் தொந்தரவு செய்ய வேணாம்னு இருந்துட்டேன்."

நான்கு மடங்கு விலையுள்ள படுக்கையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, 14 மணி நேரம் நிமிர்ந்தே அமர்ந்து அம்மூதாட்டி பயணம் செய்திருக்கிறார். தாதியான மகளுக்கு ஒரு காலின் வீக்கம் எதைக் குறிக்கக்கூடும் என்பது தெரியும். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஒலியலைக் கருவியால் காலைச் சோதித்தனர். முடிவு தெரியும்வரை அக்குடும்பம் மூன்று ஊர்களில் உறங்காதிருந்தது. நல்வாய்ப்பாக இரத்தக் கட்டி ஏதுமில்லை. சில நாள்களில் வீக்கம் வடிந்தது. புது வீட்டில் விளக்கும் எரிந்தது.

அந்நாள்களில் ஒருநாள் மூதாட்டி தம் பேத்தியிடம் கப்பற்கதை கூறினார். தளத்தில் நூற்றுக்கணக்கானோர் நெருங்கிக் கிடந்தபோதும் தாம் நன்றாக உறங்கியதாகச் சொன்னார். எப்படி என்று ஒன்பது வயதுப் பேத்தி கேட்டாள். பெட்டிக்கும் கம்பிக்கும் இடையே தம் தாய் ஒரு பழைய சேலையைக் கட்டி மறைப்பு அமைத்தாராம். அதன் உள்ளே மகளைப் படுக்க வைத்து, வெளியே தாய் அமர்ந்திருந்தாராம். அதனைக் கேட்டுக்கொண்டிருந்த மகளுக்கு, தாங்கள் அனைவரும் பணம் சேர்த்தும் வாங்கித் தராத பொருள் யாது என்பது விளங்கியது. மறைப்பாக விரிக்க ஒரு போர்வையும், "படுக்கலாம், தவறில்லை" என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு வாயும் இருந்திருந்தால் அப்படுக்கை தன் விலைக்குரிய பயனைத் தந்திருக்கும்.

நடந்ததை அறிந்த மூத்த மகன், திரும்பும் பயணத்தையும் வணிக வகுப்பாக மாற்றிவிடத் தாமே பணம் தருவதாகத் தொலைபேசியில் கூறினார். அவர் குரல் கம்மியிருந்தது. மூதாட்டி மறுத்துவிட்டார்.

"காசு வேணாம்பா. எப்படிப் போறதுன்னு சொல்லிக் குடுத்தாங்கன்னா போதும்."

பேத்தி ஆசிரியையானாள். வரவேற்பறையில் இரண்டு நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அளவுநாடா கொண்டு 32 அங்குல இடைவெளியில் வைக்கப்பட்டன. இடைவாரைப் பூட்டுவது, சாய்க்கும் பொத்தானை அழுத்துவது, பணிப்பெண்ணை அழைப்பது ஆகியவற்றைப் பாட்டி பயின்றார். கழிவறைக் கதவை நடுவில் தள்ளினால் உள்நோக்கி மடியும் என்பதை அட்டையை மடித்துப் பேத்தி காட்டினாள். மருத்துவரிடம் கேட்டு, காலை அளந்து, இறுக்கமான காலுறை வாங்கினர். நடைவழியை ஒட்டிய இருக்கை, கழிவறைக்கு அண்மையில், ஆயினும் அதன் வாயிலுக்கு நேரே இல்லாத வரிசையில் பதிவு செய்யப்பட்டது. சைவ உணவை முன்னரே கேட்டு வைத்தனர். தொங்கும் கால்களுக்குத் தாங்கலாக, துணி திணித்த சிறு பை ஒன்றைத் தைத்தனர். அதே விமானத்தில் ஊர் திரும்பும் தமிழ்க் குடும்பமொன்றைத் தேடிப் பிடித்துத் துணைக்குக் கேட்டுக்கொண்டனர். பகலில் புறப்படும் விமானமாதலால் முதல் எட்டு மணி நேரம் விழித்திருப்பது வருத்தமாயில்லை. மணிக்கொருமுறை எழுந்து நடந்தார். வேண்டிய அளவு நீர் அருந்தினார். கோலாலம்பூரில் தாயைக் கண்ட மூத்த மகன் முதலில் நோக்கியது அவர் பாதங்களை. செருப்பு சரியாகப் பொருந்தியிருந்தது.

இதனைக் கொண்டு, முதியோர்க்குச் சிக்கன வகுப்பே போதும் என்று முடிவு கட்டுதல் தவறு. அம்மூதாட்டியும் இரவு முழுதும் படுத்திருந்தால் இன்னும் நலமாய் வந்திருப்பார். முதுகெலும்பு நொந்தவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மருத்துவரின் இசைவோடு பயணம் செய்பவர், நிமிர்ந்து அமர இயலாதவர் ஆகியோர்க்குப் படுக்கை ஆடம்பரமன்று, மருந்து போன்றது. அவர்களுக்காகக் குடும்பம் கூடிப் பணம் சேர்ப்பது முறையே. அதற்கு மாறாக, உடல் வலியற்ற இளைஞர் ஒருவர் ஓர் இரவு வசதிக்காகக் கடன் அட்டையைத் தேய்ப்பது முறையாகாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்னும் பழமொழி அவருக்கே உரியது. வீங்கிய காலுடைய தாய்க்கு அதனைச் சொல்லலாகாது.

ஆகவே வகுப்பைத் தேர்ந்தெடுக்குமுன் சில வினாக்களை வரிசையாகக் கேட்டுக்கொள்ளுதல் நன்று. பயணம் செய்பவரின் வயது, உயரம், நோய் யாவை? பறப்பு இரவிலா, பகலிலா? இரவாயின் படுக்கைக்குப் பயன் உண்டு. பகலாயின் நல்ல சாதாரண இருக்கையே பலருக்குப் போதும். பறக்கும் விமானம் எவ்வகை? ஒரே மூச்சில் செல்வதா, வளைகுடா நகர் ஒன்றில் இறங்கி இரு பகுதியாகச் செல்வதா? இடையில் இறங்குவது காலுக்கு நல்லது; ஆனால் நள்ளிரவில் நெடுந்தொலைவு நடக்க நேரலாம். வரிசையில் எந்த இருக்கை? நடைவழியை ஒட்டியது முதியோர்க்கு ஏற்றது. அவசர வாயிலை ஒட்டிய வரிசையில் கால் நீட்ட இடமுண்டு எனினும், ஆபத்தில் கதவைத் திறக்கும் வலிமை உடையோர்க்கே அது தரப்படும். தடுப்புச் சுவரை ஒட்டிய முன் வரிசையில் கைக்குழந்தைகளின் தொட்டில் தொங்கும். கடைசி வரிசை பல விமானங்களில் நன்கு சாயாது. இத்தனைக்கும் விடை கண்டபின் 'எந்த வகுப்பு?' என்னும் வினா தானே எளிதாகிவிடும். சிலருக்கு இடைநிலை வகுப்பே அளவான விடையாக அமையும். சிலருக்குப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்பது பொருந்தும்.

எவ்வகுப்பாயினும் செய்ய வேண்டியவை சில உள்ளன. இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறையேனும் எழுந்து நடத்தல், அமர்ந்தவாறே கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், நீர் அருந்துதல், மருத்துவரைக் கேளாமல் உறக்க மாத்திரை உண்ணாமை. பயணத்திற்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், நெஞ்சு வலித்தாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும். சக்கர நாற்காலி உதவியைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அஃது எல்லா வகுப்பினர்க்கும் உரியது. முன்கூட்டியே தெரிவித்தால் போதும்.

இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு பிள்ளையேனும் கடல் கடந்து வாழ்கிறது. இலண்டன், மெல்போர்ன், டொராண்டோ என அவர்கள் இருக்கும் இடங்கள் விரிந்துகொண்டே செல்கின்றன. பெயரனையும் பேத்தியையும் காணத் தோட்டப்புறத்து முதியோர் வானேறுகின்றனர். கேட்டுப் பெறும் பழக்கம் இல்லாதவர்கள் அவர்கள். நீர் வேண்டும் என்று கேளார்; கால் வலிக்கிறது என்று கூறார்; 'எங்கே உட்கார வைத்தாலும் சரி' என்பார். அச்சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். அச்சொல்லைக் கேளாதவர்போல் பெரும்பணம் கொடுத்துவிட்டு அமைதியடையும் பிள்ளைகளும் உண்டு. தாயின் பக்கத்தில் ஒரு மாலைப் பொழுது அமர்ந்து, வழியெங்கும் நிகழப்போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து, "இதில் எதற்கம்மா உங்களுக்கு அச்சம்?" என்று கேட்கும் பிள்ளைகள் பெருக வேண்டும். பயணச்சீட்டை வாங்குவதற்கு முன்பே அம்மாலைப் பொழுதை ஒதுக்கிவிட்டால், எந்த வகுப்பு என்பதைத் தாயே சொல்லிவிடுவார்.